பகலில் வேலையில்லாத இயந்திரம்
சிற்றூர் மின் நிலையங்களின் வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்

1881-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் கோடல்மிங் என்ற சிற்றூரின் தெருவோரச் சாக்கடையில் மின்கம்பி ஒன்று கிடந்தது. அறுந்து விழுந்த கம்பி இல்லை. அங்கேதான் அதை இழுத்திருந்தார்கள். மழைநீர் ஓடும் அந்த ஓரக் கால்வாய் வழியாக, ஊருக்கு வெளியே இருந்த தோல் ஆலையிலிருந்து கடைத்தெரு வரைக்கும் மின்சாரம் வந்தது. அந்த ஊரின் மக்கள்தொகை அப்போது சுமார் 2,500. பொதுமக்கள் பணம் கட்டி வாங்கக்கூடிய மின்சாரம் உலகிலேயே முதன்முதலில் கிடைத்த ஊர் என்று மின்துறை வரலாற்றில் இடம்பெற்றிருப்பது அதுதான். லண்டனில் எடிசனின் ஹோல்பர்ன் நிலையம் திறக்க இன்னும் சில மாதங்கள் இருந்தன. நியூயார்க்கின் பேர்ல் தெரு நிலையத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு இருந்தது.

சாக்கடைக்குள் கம்பி போனதற்குக் காரணம் சட்டம். தெருவைத் தோண்டிக் குழாய் பதிக்கும் உரிமை எரிவாயு நிறுவனத்துக்கு இருந்தது. மின்சாரம் தருபவருக்கு அப்படி ஓர் உரிமை எந்தச் சட்டத்திலும் இல்லை, ஏனென்றால் அப்படி ஒரு தொழிலே அதுவரை கிடையாது. தோண்டக் கூடாது, ஆனால் கம்பி போய்ச் சேர வேண்டும். ஆகவே தோண்டாமலே கிடைத்த பள்ளத்தில் கம்பியைப் போட்டார்கள். சில இடங்களில் மேலே கட்டித் தொங்கவிட்டார்கள். மின் வரலாறு எழுதுபவர்கள் பெரும்பாலும் டைனமோவில் தொடங்குவார்கள். எனக்கு இந்தச் சாக்கடைக் கம்பிதான் சரியான தொடக்கமாகத் தோன்றுகிறது. சிற்றூர் மின் நிலையத்தின் கதை எந்திரத்தின் கதையாக இருப்பதைவிட, அந்த எந்திரத்துக்கு ஊரில் என்ன இடம் கிடைத்தது என்பதன் கதையாகத்தான் அதிகம் இருக்கிறது.

கோடல்மிங்கில் அந்த இடம் ஒரு சண்டையால் கிடைத்தது. தெருவிளக்குக்கு எரிவாயு நிறுவனம் கேட்ட தொகை நகர மன்றத்துக்கு ஒத்துவரவில்லை. ஒப்பந்தம் முடியும் நேரம் பார்த்து, லண்டனிலிருந்து வந்த ஒரு சிறு நிறுவனம் அதைவிடக் குறைவான தொகைக்கு மின்விளக்குப் போட்டுத் தருவதாகச் சொன்னது. வே ஆற்றங்கரையில் வெஸ்ட்புரூக் ஆலை இருந்தது. புல்மன் குடும்பத்தார் அங்கே தோல் பதனிட்டு வந்தார்கள். ஆலையின் நீர்ச்சக்கரத்தோடு சீமன்ஸ் நிறுவனத்தின் மின்னாக்கியை இணைத்துக்கொள்ள அவர்கள் சம்மதித்தார்கள். ஆக அந்த முதல் பொது மின் நிலையம் தனக்கென்று கட்டடம் இல்லாத, ஆறு இல்லாத, சக்கரம்கூட இல்லாத நிலையம். ஒரு தோல் ஆலையின் தாழ்வாரத்தில் ஒண்டிக்கொண்டு நின்றது.

அங்கிருந்து 7 வில்விளக்குகளும் 34 இழைவிளக்குகளும் எரிந்தன. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

வில்விளக்கு என்பது இரண்டு கரிக்குச்சிகள். நுனியோடு நுனி தொட்டு, மின்சாரம் பாய்ந்ததும் சற்றே விலக்கினால், இடையில் இருக்கும் காற்றிலேயே பாலம் போட்டதுபோல மின்சாரம் வளைந்து பாய்கிறது. கரிநுனி வெள்ளையாகக் கனன்று கண்ணைப் பறிக்கிறது. ஆனால் குச்சி எரிந்து குறைந்துகொண்டே வரும். குறையக் குறைய இடைவெளி கூடும்; கூடினால் விளக்கு அணைந்துவிடும். அதனால் குச்சிகளை மெல்ல நெருக்கிக்கொண்டே இருக்க விளக்குக்குள் ஒரு தானியங்கிப் பொறி வைத்திருப்பார்கள். எரியும்போது சீறும், சில நேரம் துடிக்கும். தீர்ந்த குச்சியை மாற்ற ஓர் ஆள் கம்பத்தில் ஏற வேண்டும். நாற்சந்திக்கு ஏற்ற விளக்கு இது. வீட்டுக் கூடத்துக்குள் வைக்க முடியாது.

இழைவிளக்கு வேறு சாதி. நியூகாசிலைச் சேர்ந்த ஜோசப் ஸ்வான் செய்தது. காற்று உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குமிழுக்குள் கரியாக்கிய மெல்லிய நூல். சத்தம் இல்லை, புகை இல்லை, ஆள் ஏற வேண்டியதில்லை. வீட்டுக்குள் நுழையத் தகுந்த முதல் மின்விளக்கு அதுதான். கோடல்மிங்கில் அது சுமார் 40 வோல்ட்டில் எரிந்தது. குறைந்த அழுத்தத்தில் மின்சாரத்தைத் தூரம் அனுப்பினால் கம்பியிலேயே பெரும்பகுதி சூடாகிப் போய்விடும். ஆலைக்கு அருகில் இருந்த விளக்கு பளிச்சென்று எரிய, தொலைவில் இருந்த விளக்கு சோர்ந்து எரியும். ஆற்றங்கரையில்தான் சக்கரம் சுழலும், ஆனால் விளக்கு வேண்டியது கடைத்தெருவில். இந்த இடைவெளியை 40 வோல்ட்டால் சரியாகக் கடக்க முடியவில்லை.

பிறகு ஆறு தன் வேலையைக் காட்டியது. 1881 கடைசியில் வே ஆற்றில் வெள்ளம் வந்தது. வெள்ளம் வந்தால் நீர்ச்சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றுமே என்று நினைக்கத் தோன்றும். நடப்பது வேறு. மேலே இருந்து விழும் தண்ணீருக்கும் கீழே வெளியேறும் தண்ணீருக்கும் உள்ள உயர வேறுபாடுதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சமவெளி ஆற்றில் வெள்ளம் வரும்போது கீழ்மட்டம் ஏறிக்கொண்டே வந்து அந்த வேறுபாட்டை விழுங்கிவிடும். சக்கரத்தின் அடிப்பகுதி தண்ணீரில் மூழ்கி, தன் துடுப்புகளாலேயே தண்ணீரை இழுத்துக்கொண்டு திணறும். வறட்சியிலும் ஓடாது, பெருக்கிலும் ஓடாது என்ற இந்த நிலை, சமவெளி ஆற்றை நம்பிய ஒவ்வொரு ஆலைக்காரருக்கும் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம். ஆலைக்காரர் அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். தெருவிளக்குக்கு அப்படிக் காத்திருக்க வழியில்லை.

முதலில் வந்த நிறுவனம் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டது. சீமன்ஸ் நிறுவனமே பொறுப்பேற்று, நீராவி எஞ்சினைக் கொண்டுவந்து மின்னாக்கியை ஊருக்குள் மாற்றியது. தொழில்நுட்பச் சிக்கல்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. அப்படித் தீர்ந்த பிறகுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. ஊரில் வீட்டுக்கு மின்சாரம் வாங்க எத்தனை பேர் தயார் என்று சீமன்ஸ் கேட்டுப் பார்த்தது. கணக்குக்குக் கட்டுப்படியாகும் அளவுக்கு ஆள் சேரவில்லை. ஏற்கெனவே நட்டம், அனுபவத்துக்காகத்தான் அதுவரை தாங்கியிருந்தார்கள். 1884-இல் சீமன்ஸ் மறு ஒப்பந்தம் கேட்கவில்லை. உலகின் முதல் மின் ஊர் மறுபடி எரிவாயு விளக்குக்குத் திரும்பியது. அடுத்து அங்கே மின்சாரம் வந்தது 1904-இல், இருபது ஆண்டுகள் கழித்து.

இதை ஒரு தோல்விக் கதையாகச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எந்தத் தோல்வி என்று கேட்க வேண்டும். விளக்கு எரிந்தது. எந்திரம் ஓடியது. ஆனால் அந்த எந்திரத்துக்குப் பொழுது சாய்ந்த பிறகு சில மணி நேரம் மட்டுமே வேலை. ஊரில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளக்கு வேண்டும். எல்லாரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அணைத்துவிட்டுப் படுப்பார்கள். அந்த உச்ச நேரத்துக்குத் தாங்கும்படி எந்திரம் பெரிதாக இருக்க வேண்டும். மற்ற இருபது மணி நேரம் அது சும்மா கிடக்கும். கடன் வட்டி மட்டும் இருபத்துநாலு மணி நேரமும் ஓடும். திருமணத்துக்கு வாங்கிய பெரிய அண்டாவை அன்றாடம் அடுப்பில் ஏற்றி ஒரு டம்ளர் பால் காய்ச்சுவது மாதிரியான நிலை.

இதைக் கணக்காகவே எழுதிக் காட்டியவர் ஆர். இ. பி. கிராம்டன். இளமையில் இந்தியாவில் படை அதிகாரியாக இருந்தவர். இங்கே சாலையில் நீராவி வண்டி ஓட்டிப் பார்த்தவர். நம் வீட்டுக் கூரையில் சுழலும் விசிறியில் இருக்கும் அந்தப் பெயர் அவர் தொடங்கிய நிறுவனத்தின் வழியில் வந்ததுதான். மின்சாரத்தின் அடக்கவிலையை நிர்ணயிப்பது எந்திரத்தின் திறமையைவிட, அது எத்தனை நேரம் எவ்வளவு சுமையோடு ஓடுகிறது என்பதுதான் என்று 1891-இல் லண்டன் சிவில் எஞ்சினியர்கள் சங்கத்தில் அவர் விளக்கினார். இன்று மின்துறையில் இருப்பவர்கள் அன்றாடம் புழங்கும் ‘லோடு ஃபேக்டர்’ என்ற சொல் அங்கிருந்து வந்தது. சராசரிச் சுமையை உச்சச் சுமையால் வகுத்தால் கிடைக்கும் எண். விளக்குக்கு மட்டும் மின்சாரம் தரும் சிற்றூரில் அந்த எண் பரிதாபமாக இருக்கும்.

சட்டமும் உதவவில்லை. கோடல்மிங்குக்கு மறு ஆண்டே, 1882-இல், பிரிட்டன் மின்விளக்குச் சட்டம் கொண்டுவந்து தெருவைத் தோண்டும் உரிமையைக் கொடுத்தது. ஆனால் கூடவே ஒரு நிபந்தனை: 21 ஆண்டு முடிந்ததும் உள்ளூர் மன்றம் அந்த நிலையத்தைப் பழைய இரும்பு விலைபோன்ற மதிப்புக்கு எடுத்துக்கொள்ளலாம். பகல் முழுக்கச் சும்மா கிடக்கும் எந்திரத்தில் போட்ட பணத்தை 21 ஆண்டுக்குள் யார் மீட்க முடியும்? முதலீட்டாளர்கள் ஒதுங்கினார்கள். 1888-இல் அந்தக் காலக்கெடுவை 42 ஆண்டாக நீட்டிய பிறகுதான் தொழில் மூச்சு விட்டது. பொதுநலனுக்காகப் போட்ட நிபந்தனையே பொதுமக்களுக்கு விளக்கு கிடைப்பதைத் தள்ளிப்போட்டது என்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் செய்தி. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் நல்ல நோக்கத்தோடுதான் எழுதினார்கள். எரிவாயு நிறுவனங்களின் ஏகபோகத்தை அனுபவித்தவர்கள் அவர்கள்.

சும்மா கிடக்கும் நேரத்தை என்ன செய்வது? பெருநகரங்கள் ஒரு வழி கண்டன. கிராம்டனே லண்டனின் கென்சிங்டன் பகுதியில் பேட்டரிகளை வைத்தார்: பகலில் சேமி, இரவில் செலவழி. ஆனால் ஈய பேட்டரிகளை வாங்கிப் பராமரிக்கச் சிற்றூருக்குக் கட்டாது.

டெவன் மாவட்டக் கடலோரத்தில் இருக்கும் லின்மவுத் என்ற சிற்றூர் கண்ட வழி வேறு. அது செங்குத்தான பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது. தலைக்கு மேல் மலையில் லின்டன் என்ற இரட்டை ஊர். 1890-இல் லின் ஆற்றின் தண்ணீரை வைத்து அங்கே ஒரு மின் நிலையம் தொடங்கியது. அதே ஆண்டு இரண்டு ஊரையும் இணைக்க மலைச்சரிவில் ஓர் இழுவை ரயிலும் வந்தது. மேலே இருக்கும் பெட்டியின் தொட்டியில் தண்ணீர் நிரப்பினால் அதன் பாரத்தில் அது இறங்க, கீழே இருக்கும் பெட்டி ஏறும். தண்ணீரின் எடையை எப்படி வேலை வாங்குவது என்பது அந்த ஊர்க்காரர்களுக்குக் கைவந்த கலையாக இருந்திருக்கிறது.

மலை ஆறு என்பதால் கோடல்மிங்கின் சிக்கல் இங்கே இல்லை: தண்ணீர் உயரத்திலிருந்து விழுகிறது. ஆனால் உச்ச நேரத்தின் சிக்கல் இருந்தது. கோடையில் சுற்றுலாப் பயணிகள் வந்து விடுதிகள் நிரம்பும் நேரத்தில்தான் ஆற்றில் தண்ணீர் குறையும். 1890-களின் நடுவில் அவர்கள் மலைமேல், நிலையத்துக்கு 200 மீட்டருக்கும் மேலான உயரத்தில், ஒரு நீர்த்தேக்கம் கட்டினார்கள். ஊர் தூங்கும் நேரத்தில், மின்சாரம் யாருக்கும் வேண்டாத நேரத்தில், அந்த மின்சாரத்தாலேயே தண்ணீரை மேலே இறைத்தார்கள். விளக்கேற்றும் நேரம் வந்ததும் அதைத் திறந்துவிட்டுச் சுழலியை ஓட்டினார்கள். மலைமேல் இருந்த குளமே அவர்களுக்கு பேட்டரி.

இறைக்கச் செலவான மின்சாரம் முழுவதும் திரும்பக் கிடைக்காது. வழியில் ஒரு பங்கு போய்விடும். இருந்தாலும் வேண்டாத நேரத்து மின்சாரத்தைக் கொடுத்து வேண்டிய நேரத்து மின்சாரத்தை வாங்கும் பண்டமாற்று லாபமானது. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 1980-களின் கடைசியில் தமிழ்நாடு மின்வாரியம் மலையைக் குடைந்து கட்டிய 400 மெகாவாட் நிலையம் செய்வதும் இதைத்தான். இரவில் கீழணைத் தண்ணீரை மேலணைக்கு ஏற்றுகிறது, உச்ச நேரத்தில் இறக்குகிறது. லின்மவுத் விடுதிக்காரர்களின் விளக்குக்காகப் பிறந்த ஏற்பாடும் அதுவும் ஒரே குடும்பம்.

லின்மவுத்தில் மலைமேல் குளம் கட்டிய அந்தக் காலத்தில்தான் இந்தியாவிலும் ஒரு மலை ஊர் நீர்மின்சாரத்தின் பாதையில் நடந்தது. டார்ஜிலிங் நகராட்சிக்காக, ஆர்யா தேயிலைத் தோட்டத்தின் அடிவாரத்தில் சித்ராபோங் என்ற இடத்தில் ஒரு நீர்மின் நிலையம் 1897 நவம்பர் 10 அன்று திறக்கப்பட்டது. ஒவ்வொன்றும் 65 கிலோவாட் கொண்ட இரண்டு எந்திரங்கள். செய்தது கிராம்டன் நிறுவனம். மொத்தம் 130 கிலோவாட். இன்று ஒரு நடுத்தரத் துணிக்கடை குளிர்சாதனத்தோடு இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய அவ்வளவு. அது டார்ஜிலிங் நகரத் தெருக்களுக்குப் போதுமானதாக இருந்தது. கல்கத்தாவில் பொது மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1899-இல். அன்றைய தலைநகரத்துக்கு முன்னால் மலை ஊர் விளக்கேற்றிக்கொண்டது.

சித்ராபோங்கில் எனக்குப் பிடித்தது அதன் இருப்பிடம். ஊர் மேலே, நிலையம் பள்ளத்தில். ஊர்ப்பக்கத்து மலைச்சரிவுகளில் பெய்த மழை ஓடைகளாகக் கீழே இறங்கி வந்து சுழலியைச் சுற்றியது. அதன் மின்சாரம் 2,300 வோல்ட்டில் மலையேறித் திரும்பவும் ஊருக்கே போனது. கோடல்மிங்கின் 40 வோல்ட்டுக்கும் இந்த 2,300-க்கும் இடையே பதினாறு ஆண்டுகள். மாறுமின்சாரத்தின் அழுத்தத்தை உயர்த்தி அனுப்பி, வீட்டருகே தாழ்த்திக் கொடுக்கும் மின்மாற்றி அதற்குள் வந்துவிட்டது. ஆற்றங்கரைக்கும் கடைத்தெருவுக்கும் இருந்த தூரம் இனி ஒரு தடையாக இல்லை.

ஆனால் இந்தச் சிறு நிலையங்கள் ஒவ்வொன்றும் தனித்தனித் தீவு. சித்ராபோங்கின் அலைவெண் விநாடிக்கு 83.3. லின்மவுத்தில் 100. இன்னோர் ஊரில் நேர்மின்சாரம். ஓர் ஊரில் வாங்கிய மோட்டாரை அடுத்த ஊருக்கு எடுத்துப்போனால் ஓடாது. ஓர் ஊரின் எந்திரம் பழுதானால் பக்கத்து ஊர் கைகொடுக்கவும் முடியாது. அதனால் ஒவ்வொரு சிற்றூரும் ஓடும் எந்திரத்துக்குத் துணையாக இன்னொன்றை வாங்கிச் சும்மா வைத்திருக்க வேண்டும். பகலில் வேலையில்லாத எந்திரத்துக்கு அருகில், எந்நேரமும் வேலையில்லாத இன்னோர் எந்திரம்.

1926-இல் பிரிட்டன் இந்தத் தீவுகளை இணைக்கச் சட்டம் இயற்றியது. மத்திய மின்சார வாரியம் என்ற அமைப்பு 132 கிலோவோல்ட் கம்பிகளை நாடெங்கும் இழுத்தது. அலைவெண் 50 என்று ஒரே அளவாயிற்று. பெரிய, சிக்கனமான நிலையங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. மற்றவை மெல்ல மெல்ல மூடப்பட்டன. ஓர் ஊரின் மாலை விளக்கும் இன்னோர் ஊரின் பகல் ஆலையும் ஒரே கம்பியில் சேர்ந்தபோது, கிராம்டன் சொன்ன அந்த எண் தானாகவே உயர்ந்தது.

நம் பக்கத்தில் இது வேறு வரிசையில் நடந்தது. நீலகிரியில் பைக்காரா திட்டம் 1932-இல் மின்சாரம் தரத் தொடங்கியபோது, அது மலை ஊர்களுக்கு விளக்கேற்றுவதோடு நிற்கவில்லை. கீழே கோவைக்கு இறங்கியது. அங்கே பஞ்சாலைகள் இருந்தன, ஆழக் கிணறுகள் இருந்தன. பகலில் தறியும் கதிரும், தோட்டத்தில் பம்புசெட்டும், மாலையில் விளக்கும் என்று மின்சாரத்துக்கு எல்லா நேரமும் ஆள் இருந்தது. கோடல்மிங்கில் சீமன்ஸ் தேடிக் கிடைக்காத பகல் வாடிக்கையாளர் இங்கே கமலை இறைத்துக் கை காய்த்துப்போய்க் காத்திருந்தார். கொங்கு நாட்டு வேளாண்மையும் தொழிலும் அடுத்த இருபது ஆண்டுகளில் எடுத்த வேகத்துக்கு இதை ஒரு முதன்மைக் காரணமாக நான் நினைக்கிறேன்.

லின்மவுத்துக்குத் திரும்ப வேண்டும். 1948-இல் பிரிட்டன் மின்துறையை நாட்டுடைமை ஆக்கியபோதும் அந்தச் சிறு நிலையம் ஓடிக்கொண்டிருந்தது. டீசல் எஞ்சின்களும் சேர்ந்திருந்தன. 1952 ஆகஸ்ட் 15 அன்று, எக்ஸ்மூர் மேட்டுநிலத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 230 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஏற்கெனவே நனைந்து ஊறியிருந்த மண் ஒரு துளியைக்கூடக் குடிக்கவில்லை. மாலையில் நீர்வழியில் குப்பையும் கிளையும் அடைத்துக்கொள்ள, சுழலி நின்றது. பணியில் இருந்தவர் டீசல் எஞ்சினைக் கிளப்பினார். விளக்குகள் மறுபடி எரிந்தன. பிறகு நிலையத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. ஊர் முழுக்க இருட்டானது. மரங்களையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு வெள்ளம் வீடுகளுக்குள் பாய்ந்தது அந்த இருட்டில்தான். 34 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 62 ஆண்டுகள் அந்த ஆற்றுத் தண்ணீரால் ஓடிய நிலையத்தை அந்த ஆறே சிதைத்துவிட்டது.

அதற்குப் பிறகு லின்மவுத்துக்கு வெளியூர்க் கம்பி வழியாகத்தான் மின்சாரம் வந்தது. ஊரைத் திரும்பக் கட்டியபோது ஆற்றின் வாயை அகலப்படுத்தினார்கள். இப்போது கிளென் லின் பள்ளத்தாக்கில் மறுபடியும் ஒரு சிறு நீர்மின் எந்திரம் ஓடுகிறது. ஊரில் யார் எப்போது விளக்கேற்றுகிறார்கள் என்று அது பார்ப்பதில்லை. நடுப்பகலில் தண்ணீர் வந்தாலும் சுழல்கிறது. அதன் மின்சாரம் பொதுக் கம்பியில் கலந்து, அந்த நேரத்தில் எந்த ஊரில் தேவையோ அங்கே போய்விடுகிறது.